காய்பாவின் முற்றத்தில் பேதுரு: ஒரு மறுதலிப்பின் நிகழ்வு ஆய்வு

இயேசு கைதான இரவில், அவருடைய முதன்மைச் சீடர் பேதுரு அவரைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்த கதை தெரியாத கிறிஸ்தவர் கிடையாது. தவக்காலம் வந்தால் பிரசங்கத்தில் எப்படியும் வந்துவிடும். வாய்ச்சொல்லில் வீரர், ஒரு வேலைக்காரப் பெண் கேட்டதும் நடுங்கிவிட்டார், சேவல் கூவியது, அழுதார். இந்தச் சுருக்கத்தில் தவறு ஏதும் இல்லை. ஆனால் மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்ற நான்கு நற்செய்திகளையும் எதிரெதிரே விரித்துவைத்து, ஒரு வழக்கின் சாட்சியங்களைப் படிப்பதுபோல் நிதானமாகப் படித்தால், கோழைத்தனம் என்ற ஒரு சொல்லுக்குள் இந்தச் சம்பவம் அடங்க மறுக்கிறது. முதல் நெருடலே இதுதான்: அன்றிரவு இயேசுவை மறுதலித்ததாகப் பதிவாகியிருப்பது பேதுரு மட்டும்தான். மற்றவர்கள் ஏன் மறுதலிக்கவில்லை? யாரும் அவர்களைக் கேட்கவில்லை. கேட்கக்கூடிய தூரத்தில் அவர்கள் இல்லை.

சூழ்நிலை

இடம் எருசலேம், காலம் யூதர்களின் பஸ்கா பண்டிகை. ஆண்டு கி.பி. 30 அல்லது 33 என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கணக்கு. ரோம ஆளுநர் பொந்தியு பிலாத்து. பிரதான ஆசாரியர் காய்பா, கி.பி. 18ஆம் ஆண்டிலிருந்து பதவியில் இருந்தவர். அவருக்குப் பின்னால் அவருடைய மாமனார் அன்னா. 6 முதல் 15 வரை தானே பிரதான ஆசாரியராக இருந்து, ரோமர்கள் இறக்கிவிட்ட பிறகும் செல்வாக்கு குறையாதவர். அவருடைய மகன்கள் ஐந்து பேர் அந்தப் பதவியில் உட்கார்ந்தார்கள் என்று வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதுகிறார். 1990இல் எருசலேமின் தெற்கே ஒரு குடும்பக் கல்லறை தற்செயலாக வெளிப்பட்டது. அதிலிருந்த வேலைப்பாடு மிகுந்த எலும்புப் பெட்டி ஒன்றில் ‘காய்பாவின் மகன் யோசேப்பு’ என்று பொறித்திருந்தது. அது இந்தக் காய்பாவுடையதுதான் என்று பலர் நினைக்கிறார்கள். எப்படியோ, பேதுரு நுழைந்தது ஊரிலேயே அதிகாரமும் பணமும் ஆள்பலமும் உள்ள குடும்பத்தின் வீட்டுக்குள்.

அவரோ வெளியூர்க்காரர். கலிலேயாக் கடலோரத்து மீனவர், கப்பர்நகூமில் வீடு, மனைவி, மாமியார் என்று குடும்பம் உள்ளவர். வாயைத் திறந்தாலே ஊர் தெரிந்துவிடும் பேச்சு.

கலிலேயர்களுக்கு ரோமர்களைப் பற்றித் தெரிந்திருந்தது செவிவழிச் செய்தியாக மட்டும் இல்லை. கி.மு. 4இல் அரசன் ஏரோது இறந்த பிறகு வெடித்த கலகத்தை அடக்க வந்த வாருஸ் என்ற ரோமத் தளபதி, கலிலேயாவின் செப்போரிஸ் நகரத்தை எரித்து, மக்களை அடிமைகளாக விற்றார். சுமார் 2,000 பேர் சிலுவையில் அறையப்பட்டார்கள். பேதுருவின் அப்பா தலைமுறை பார்த்த காரியம் அது.

வாளும் காதும்

அன்று இரவு விருந்தில், எல்லாரும் இடறி ஓடிப்போவீர்கள் என்று இயேசு சொல்கிறார். யார் இடறினாலும் நான் இடறமாட்டேன் என்கிறார் பேதுரு. காவலுக்கும் வருவேன், சாவுக்கும் வருவேன் என்கிறார். சேவல் கூவுமுன் மூன்று தடவை என்னைத் தெரியாது என்பாய் என்று பதில் வருகிறது. பலரும் தாண்டிப்போகும் வரி ஒன்று மாற்குவில் உண்டு: மற்ற சீடர்கள் அத்தனை பேரும் அதையே சொன்னார்கள். வீராப்புப் பேசியது பேதுரு மட்டும் இல்லை.

அந்த வீராப்பு வெறும் வாய்ப்பேச்சும் இல்லை. கெத்செமனே தோட்டத்தில் தூங்கி வழிந்தார் என்பது உண்மை. ஒரு மணி நேரம் விழித்திருக்க முடியவில்லையா என்று வாங்கிக்கட்டியும் கொண்டார். ஆனால் தீவட்டியும் தடியும் வாளுமாக ஆட்கள் வந்து இயேசுவைப் பிடித்தபோது, ஒருவர் வாளை உருவிப் பிரதான ஆசாரியரின் வேலைக்காரனை வெட்டி, காதை அறுத்துவிட்டார். நான்கு நற்செய்திகளும் இதைச் சொல்கின்றன. வெட்டியவர் பேதுரு என்றும், வெட்டுப்பட்டவன் பெயர் மல்குஸ் என்றும் சொல்வது யோவான் மட்டும். மற்ற மூன்றும் எழுதப்பட்ட காலத்தில் பேரைச் சொன்னால் ஆபத்து இருந்திருக்கும் என்று ஊகிப்பவர்கள் உண்டு. நிரூபிக்க வழியில்லை, ஆனால் நியாயமான ஊகம்தான்.

சிலரே இருக்கும் ஒரு கூட்டத்திலிருந்து, ஆயுதம் தாங்கிய கும்பலை நோக்கி வாளோடு பாய்பவரை எப்படிக் கோழை என்று சொல்வது? சாகத் தயார் என்றவர் அந்த இடத்தில் சாகத் தயாராகவே இருந்தார். நடந்தது என்ன? இயேசுவே அவரைத் தடுத்தார், வாளை உறையில் போடு என்றார். லூக்காவின்படி வெட்டுப்பட்ட காதையும் தொட்டுக் குணமாக்கினார். பேதுரு தயாராகி வந்திருந்த ஒரே வகை விசுவாசம், அதுவரை யாருக்காக இருந்தாரோ அவராலேயே நிராகரிக்கப்பட்டது. அப்புறம் என்ன செய்வது என்று அவருக்குத் தெரிந்திருந்ததாகத் தோன்றவில்லை. எல்லாரும் ஓடினார்கள். பின்னாலேயே வந்த ஒரு வாலிபனைப் பிடிக்கப்போக, போர்த்தியிருந்த துணியை விட்டுவிட்டு அவன் நிர்வாணமாக ஓடினான் என்று மாற்கு எழுதுகிறார்.

பேதுரு ஓடி, நின்று, திரும்பி, தூரத்திலே பின்தொடர்ந்தார்.

முற்றம்

பிரதான ஆசாரியர் வீட்டுக்குள் அவர் எப்படிப் போனார் என்ற விவரத்தைத் தருவது யோவான். பெயர் சொல்லப்படாத இன்னொரு சீடருக்கு அந்த வீட்டோடு பழக்கம் இருந்தது. அவர் நேரே உள்ளே போய்விட்டார்; பேதுரு வாசலிலேயே நின்றார். பிறகு அந்தச் சீடர் வெளியே வந்து, வாசல் காக்கும் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லி, பேதுருவை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். அந்தப் பெண்தான் முதல் கேள்வியைக் கேட்கிறாள்: நீயும் அந்த மனுஷனுடைய சீடர்களில் ஒருவன்தானே?

அந்த ‘நீயும்’ என்பதைக் கவனியுங்கள். கூட வந்தவர் சீடர் என்று அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கலாம். தெரிந்தே உள்ளே விட்டிருக்கலாம். அப்படியானால், ‘ஆமாம்’ என்று பேதுரு சொல்லியிருந்தால் அந்த வாசலில் பெரிதாக ஒன்றும் நடந்திருக்காது. அவர் ‘இல்லை’ என்றார். உள்ளே போகிற அவசரத்தில் வாசலில் சொல்லிவிடும் பொய் அது. பெரிய முடிவு எதுவும் எடுத்து யோசித்துச் சொன்ன மாதிரி இல்லை.

எருசலேம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 750 மீட்டர் உயரத்து மலையூர். இளவேனிற்கால இரவுகளில் அங்கே நன்றாகவே குளிரும். முற்றத்தின் நடுவில் வேலைக்காரர்களும் காவலர்களும் கரிநெருப்பு மூட்டிக் குளிர்காய்ந்துகொண்டிருந்தார்கள். பேதுருவும் போய்ச் சேர்ந்துகொண்டார். இருட்டில் ஓர் ஓரமாக ஒதுங்கி நிற்பவனை எல்லாரும் சந்தேகப்படுவார்கள். நெருப்பருகே நாலு பேரோடு நாலு பேராக இருப்பவனை யாரும் கவனிக்கமாட்டார்கள். அப்படித்தான் அவர் நினைத்திருக்க வேண்டும். லூக்காவின் விவரிப்பில் அதே நெருப்புத்தான் காட்டிக்கொடுக்கிறது: ஒரு வேலைக்காரப் பெண் அந்த வெளிச்சத்தில் அவர் முகத்தைக் கண்டு, உற்றுப் பார்த்து, இவனும் அவனோடு இருந்தான் என்கிறாள்.

மாற்குவில் முதல் பதில் ஒரு முழு மறுப்பாகக்கூட இல்லை. நீ சொல்வது என்னவென்றே எனக்குப் புரியவில்லை என்கிற மழுப்பல். சொல்லிவிட்டு நெருப்பருகிலிருந்து எழுந்து வாசல்பக்கம் நகர்கிறார். வெளியே போய்விடவில்லை என்பது முக்கியம். இரண்டாவது முறை கேட்டது யார் என்பதில் சாட்சியங்கள் பிரிகின்றன. மாற்குவில் அதே பெண், இம்முறை சுற்றி நின்றவர்களிடம் சொல்கிறாள். மத்தேயுவில் வேறொரு பெண். லூக்காவில் ஓர் ஆண். யோவானில் குளிர்காய்ந்தவர்கள். இந்த வேறுபாடுகளை இணைத்துத் தைக்கப் பார்த்தவர்கள், மூன்றுக்குப் பதில் ஆறு மறுதலிப்பு என்றுகூடக் கணக்குச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அது தேவையில்லாத வேலையாகவே படுகிறது. இரவில், கூட்டத்தில், பல வாய்கள் ஒரே நேரத்தில் கேட்ட கேள்வியை நான்கு பேர் நான்கு விதமாகச் சொன்னால் அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. மூன்று முறை, முற்றம், பெண் ஒருத்தி தொடங்கிவைத்தது, சேவல். இவற்றில் நால்வரும் ஒத்துப்போகிறார்கள்.

ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்துத்தான் மூன்றாவது கேள்வி வருகிறது என்கிறார் லூக்கா. ஒரு மணி நேரம்! இரண்டு தடவை பிடிபடப் பார்த்த பிறகும் இந்த மனிதர் அங்கேயே இருக்கிறார். இதற்குள் பேச்சுக் கொடுத்திருக்க வேண்டும். உன் பேச்சே உன்னைக் காட்டிக்கொடுக்கிறது, நீ கலிலேயன்தான் என்று பிடித்துக்கொள்கிறார்கள். யோவானில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. கேட்பவன் மல்குஸின் உறவினன். தோட்டத்தில் நான் உன்னை அவனோடு பார்க்கவில்லையா என்கிறான்.

இங்கேதான் பேதுரு சபிக்கவும் சத்தியம்பண்ணவும் தொடங்கினார் என்று மாற்கும் மத்தேயுவும் எழுதுகிறார்கள். யாரைச் சபித்தார், பொய்யென்றால் எனக்குக் கேடு வரட்டும் என்று தன்னையா, அல்லது இயேசுவையா என்பதை அவர்கள் சொல்லவில்லை. இயேசுவைத்தான் என்று வாதிடும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். அந்த மனுஷனை எனக்குத் தெரியாது என்றார், பெயரைக்கூடச் சொல்லவில்லை.

சேவல் பற்றி ஒரு பழைய சர்ச்சை. எருசலேமில் கோழி வளர்க்கக் கூடாது என்று யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் ஒரு விதி இருக்கிறது, ஆகவே சேவல் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். விதி இருந்தது என்பதற்கும் எல்லாரும் அதைக் கடைப்பிடித்தார்கள் என்பதற்கும் வெகுதூரம். ரோமர்களின் இரவுச் சாமங்களில் மூன்றாவதற்கே ‘சேவல் கூவும் நேரம்’ என்றுதான் பெயர். அதைக் குறித்த எக்காள ஒலியாக இருக்கலாம் என்பது இன்னொரு விளக்கம். இந்த வழக்கின் தீர்ப்பு சேவலைப் பொறுத்து மாறப்போவதில்லை.

மாற்கு இதை அமைத்திருக்கும் விதம்தான் அபாரம். பேதுரு நெருப்பருகே உட்கார்வதைச் சொல்லி நிறுத்திவிட்டு, மேலே நடக்கும் விசாரணைக்குப் போகிறார். நீ கிறிஸ்துவா என்று காய்பா கேட்க, இயேசு ‘நானே’ என்கிறார். அந்த ஒரு பதில் அவரைச் சாவுக்கு அனுப்புகிறது. கண்ணைக் கட்டி, அறைந்து, தீர்க்கதரிசனம் சொல் பார்க்கலாம் என்று கேலி செய்கிறார்கள். உடனே அடுத்த வரி: பேதுரு கீழே முற்றத்தில் இருக்கையில். மேலே தீர்க்கதரிசியைக் கேலி செய்துகொண்டிருக்கும் நேரத்தில், கீழே அவர் சொன்ன தீர்க்கதரிசனம் ஒவ்வொன்றாக நிறைவேறிக்கொண்டிருக்கிறது. மாற்கு இதைச் சுட்டிக்காட்டிக் கருத்து எதுவும் சொல்வதில்லை.

ஆபத்து எவ்வளவு?

சீடர்களைப் பிடிக்கும் திட்டம் அதிகாரிகளுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. இவர்களைப் போகவிடுங்கள் என்று இயேசு கேட்டதும் விட்டுவிட்டார்கள் என்கிறார் யோவான். அடுத்த நாட்களில் அவர்கள் எருசலேமிலேயே கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தும் யாரும் தேடி வரவில்லை. தலைவனை எடுத்துவிட்டால் கூட்டம் தானாகக் கலைந்துவிடும் என்பது காய்பாவின் கணக்காக இருந்திருக்கலாம். இதை வைத்து, பேதுரு இல்லாத ஆபத்துக்குப் பயந்தார் என்று சொல்பவர்கள் உண்டு.

மற்ற பத்துப் பேர் விஷயத்தில் சரி. பேதுருவின் நிலைமை வேறு. சீடன் என்பதற்காக யாரையும் பிடிக்கும் உத்தேசம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் கைது செய்ய வந்தவர்கள்மீது வாள் வீசி, பிரதான ஆசாரியர் வீட்டு ஆளின் காதை அறுத்தவனைப் பிடிக்கக் காரணம் தேட வேண்டியதில்லை. பன்னிருவரில் தனியாக ஒரு வழக்கு நிலுவையில் இருந்தது அவர்மேல் மட்டும்தான். அவர் உட்கார்ந்திருந்ததோ வெட்டுப்பட்டவனின் சொந்தக்காரர்கள் நடுவில். சிலுவையில் இயேசுவின் இருபுறமும் அறையப்பட்டவர்களை மாற்கு கள்ளர்கள் என்கிறார். கிரேக்கத்தில் ஆயுதமேந்திய கலகக்காரர்களுக்கும் அதே பேர்தான். ஆயுதத்தோடு பிடிபட்ட ஒரு கலிலேயன் அந்த வரிசையில் சேர்வது நடக்காத காரியம் இல்லை.

இப்போது மூன்று கேள்விகளையும் மறுபடி பாருங்கள். முதல் கேள்விக்கு ‘ஆமாம்’ என்பது சுலபம், ஆபத்தும் குறைவு. மூன்றாவதுக்கு ‘ஆமாம்’ என்றால் உயிர் போகலாம். இரண்டுக்கும் நடுவில் அவர் இரண்டு தடவை பொய் சொல்லியிருந்தார். பொய்யைக் காப்பாற்ற அடுத்த பொய், அதைக் காப்பாற்றச் சத்தியம். ஏன் எழுந்து போகவில்லை? இயேசு உள்ளே இருந்தார், அதனால்தான். முடிவு என்ன என்று பார்க்க உட்கார்ந்திருந்தார் என்கிறார் மத்தேயு. பேதுருவை அந்த முற்றத்துக்கு இழுத்துவந்தது அவருடைய பற்று; அங்கே தொடர்ந்து இருக்க அவர் கொடுத்துக்கொண்டிருந்த வாடகை அந்தப் பொய்கள். இரண்டும் ஒரே ஆளிடம், ஒரே நேரத்தில் இருந்தன. என் வாசிப்பில் இந்த நிகழ்வின் மையம் இதுதான். தோட்டத்திலிருந்து நேரே பக்கத்து ஊரான பெத்தானியாவுக்கு ஓடியிருந்தால் பேதுருவின் பெயர் இன்று சுத்தமாக இருந்திருக்கும்.

பிறகு

லூக்காவில் மட்டும் ஒரு வரி: ஆண்டவர் திரும்பி, பேதுருவைப் பார்த்தார். அந்தப் பார்வை எப்படிப்பட்டது என்று லூக்கா சொல்லவில்லை. பேதுரு வெளியே போய் மனங்கசந்து அழுதார். யோவானில் அழுகையே கிடையாது; சேவல் கூவியதோடு காட்சி முடிந்துவிடுகிறது. அதற்குப் பதிலாகக் கடைசி அதிகாரத்தில், கலிலேயாக் கரையில் இன்னொரு கரிநெருப்பு, மீன், அப்பம், மூன்று கேள்விகள். மூன்றாம் முறையும் ‘என்னை நேசிக்கிறாயா’ என்று கேட்டபோது பேதுரு துக்கப்பட்டார் என்று எழுதியிருக்கிறது. அவரை வெட்கப்படுத்தும் சொல் ஒன்றும் அங்கே இல்லை. முற்றத்தில் நடந்ததைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

ஆதிச் சபையின் கதையைச் சொல்லும் அப்போஸ்தலர் நடபடிகள் நூலில், சில வாரங்களுக்குள் பேதுருவும் யோவானும் பிடிபட்டு, அன்னாவுக்கும் காய்பாவுக்கும் முன்னால் நிற்கிறார்கள். அதே குடும்பம். பேதுரு தயங்காமல் பேசுகிறார். கேட்டவர்கள், இவர்கள் இயேசுவோடு இருந்தவர்கள் என்று அடையாளம் கண்டுகொண்டார்கள் என்று அந்த இடத்தில் வருகிறது. முற்றத்தில் அந்தப் பெண் சொன்ன அதே வாக்கியம்.

இதோடு பேதுரு திருந்திவிட்டார் என்று முடித்துவிடத் தோன்றும். ஆதிச் சபையின் இன்னொரு தலைவரான பவுல் விடமாட்டார். சில ஆண்டுகள் கழித்து அந்தியோகியாவில் பேதுரு யூதரல்லாத கிறிஸ்தவர்களோடு சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து அங்குள்ள சபைத் தலைவர் யாக்கோபின் ஆட்கள் வந்ததும், அவர்களுக்குப் பயந்து பந்தியை விட்டு விலகிக்கொண்டார். நான் அவரை முகத்துக்கு முகம் எதிர்த்தேன் என்று கலாத்தியருக்கு எழுதுகிறார் பவுல். உயிருக்கு ஆபத்து எதுவும் இல்லாத இடத்தில், நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற அதே சறுக்கல். அந்தச் சண்டை எப்படி முடிந்தது என்று பவுல் சொல்வதில்லை.

கதையை யார் சொன்னார்கள்?

முற்றத்தில் நடந்ததைத் தொடக்கம் முதல் முடிவுவரை அறிந்தவர் பேதுரு மட்டும்தான். அவரே சொல்லாவிட்டால் வெளியே வந்திருக்க வாய்ப்பு குறைவு. மாற்கு பேதுருவின் மொழிபெயர்ப்பாளராக இருந்து, அவர் சொன்னதை எழுதினார் என்று இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பப்பியாஸ் என்ற ஆயர் எழுதிவைத்திருக்கிறார். இதை ஏற்காத அறிஞர்களிலும் பலர், தலைவரை இவ்வளவு தாழ்த்தும் கதையைச் சபை தானாகக் கட்டியிருக்காது என்பதை ஒத்துக்கொள்கிறார்கள்.

அந்தக் கதை தேவைப்பட்டது என்பதும் உண்மை. 64இல் ரோம் எரிந்த பிறகு பேரரசர் நீரோ கிறிஸ்தவர்களை வேட்டையாடியதை விவரிக்கும் ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ், முதலில் ஒப்புக்கொண்டவர்களைப் பிடித்தார்கள், பிறகு அவர்கள் கொடுத்த தகவலை வைத்துப் பெருங்கூட்டத்தைப் பிடித்தார்கள் என்கிறார். காட்டிக்கொடுத்தவர்களும் காட்டிக்கொடுக்கப்பட்டவர்களின் குடும்பங்களும் பிறகு ஒரே சபையில் உட்கார வேண்டியிருந்திருக்கும். பேதுருவும் நீரோ காலத்தில் ரோமில் கொல்லப்பட்டார் என்பது பழைய மரபு. சுமார் 112இல் பிளினி என்ற ஆளுநர் பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தில் தன் விசாரணை முறையைச் சொல்கிறார்: நீ கிறிஸ்தவனா என்று மூன்று தடவை கேட்பேன், தண்டனையைச் சொல்லி மிரட்டுவேன், மறுப்பவர்கள் கிறிஸ்துவைச் சபிக்க வேண்டும். பேதுருவின் கதையைக் கேட்டு வளர்ந்த ஒருவருக்கு அந்த மூன்று தடவை எப்படிக் கேட்டிருக்கும்!

250இல் பேரரசர் டேசியஸ், எல்லாரும் தேவர்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று ஆணையிட்டார். அந்தச் சான்றிதழ்களில் நாற்பதுக்கு மேல் எகிப்தின் மணலில் பாப்பிரஸ் தாள்களாகக் கிடைத்திருக்கின்றன: பெயர், ஊர், பலியிட்டேன், படைத்ததை உண்டேன், சாட்சி கையெழுத்து. வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் கிறிஸ்தவர்கள் கூட்டங்கூட்டமாக வரிசையில் நின்றார்கள். சிலர் பலியிட்டார்கள், சிலர் தூபம் மட்டும் போட்டார்கள், சிலர் பலியிடாமலேயே லஞ்சம் கொடுத்துச் சீட்டு வாங்கிக்கொண்டார்கள். அந்நகரத்தின் ஆயர் சிப்ரியான் தலைமறைவானார். அதற்காக ரோமத் திருச்சபையிலிருந்து குத்தலான கடிதமும் வந்தது.

துன்புறுத்தல் அடங்கியதும், இப்படி விசுவாசத்தில் விழுந்தவர்கள் திரும்ப வந்து கதவைத் தட்டினார்கள். சேர்க்கவே கூடாது என்றார் ரோமில் நொவாசியன் என்ற மூப்பர். உடனே சேர்த்துக்கொள் என்றது இன்னொரு கூட்டம். 251இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் ஒவ்வொருவர் விஷயத்தையும் தனித்தனியாக விசாரித்தார்கள்: சீட்டு மட்டும் வாங்கியவர்களைச் சேர்க்கலாம், பலியிட்டவர்கள் மனஸ்தாபத்தில், அதாவது பாவத்துக்கு வருந்தும் தவத்தில், காத்திருந்து மரணப்படுக்கையில்தான் சேரலாம். ஓரிரு ஆண்டுகளில் அடுத்த துன்புறுத்தல் வரப்போகிறது என்ற அறிகுறி தெரிந்தது. ஆயர்கள் மறுபடி கூடினார்கள். இம்முறை, மனஸ்தாபத்தில் இருந்த எல்லாரையும், பலியிட்டவர்கள் உட்பட, உடனே சேர்த்துக்கொள்வது என்று முடிவானது. சிப்ரியான் சொன்ன காரணம் நடைமுறை சார்ந்தது: போருக்குப் போகச் சொல்பவர்களை நாம் ஆயுதமில்லாமல் அனுப்ப முடியாது. 258 செப்டம்பர் 14 அன்று, முன்பு ஒளிந்துகொண்ட அதே சிப்ரியானைக் கார்த்தேஜில் தலைவெட்டிக் கொன்றார்கள். இம்முறை அவர் தன் தோட்டத்திலேயே இருந்து, அவர்கள் வரும்வரை காத்திருந்தார்.